துடைப்பத்துக்கு முதல் பொட்டு

போன ஆயுத பூஜையன்று எங்கள் பழைய குப்பை வண்டி ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டாலும் அந்த ஒரு நாள் மட்டும் மறக்காமல் கூப்பிட்டுவிடுவார்கள். கழுவித் துடைத்த கம்பாக்டர் லாரிகள், குப்பையை அமுக்கி ஏற்றுகிறவை, வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தெரு பெருக்குகிற நீளமான துடைப்பம் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கற்பூரம் ஏற்றுவதற்கு முன் அந்தத் துடைப்பத்துக்குத்தான் முதல் பொட்டு. அதற்கப்புறம்தான் லாரிகளுக்கு.

புதிதாக வந்திருக்கும் பாதுகாப்பு அதிகாரி நித்யா மேடத்துக்கு ஆச்சரியம். "துடைப்பத்துக்கு ஏன் ஃபர்ஸ்ட்?" என்று கேட்டார்.

"அது காலங்காலமா அப்டித்தான் மேடம், சாங்கியம்" என்றான் குப்பை ஏற்றுகிற லோடர் ஒருவன். "தொடப்பம்னா லட்சுமி இல்லியா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலங்காலமாவது ஒன்றாவது! இது எத்தனை வருஷப் பழக்கம் என்று என் கைவிரலிலேயே எண்ணிவிடலாம். இதற்குக் காரணமான பாவியே நான்தான். அதைச் சொன்னதும் நித்யா மேடம் விடவில்லை. "சார், புதுசா வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டலாம், எழுதிக் குடுங்க" என்றார். பத்தாவது தவறியவனிடம் கேட்கிற விஷயமா இது? இருந்தாலும் எழுதுகிறேன். என் பெயர் ஏழுமலை. கம்பாக்டர் லாரியின் பின்னால் நின்று லிவர் பிடித்தவன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் லாரியும் கிடையாது, லிவரும் கிடையாது. ஒரு தள்ளுவண்டி, ஒரு முறம், குப்பையை வாரிப்போட ஒரு தகரத் துண்டு. கீழ்க்கட்டளைத் தெருக்களில் பல வருஷம் வெறுங்கையால் அள்ளியிருக்கிறேன். உடைந்த டியூப்லைட், ஊசி, சவர பிளேடு, எது எதற்குள் இருக்கும் என்று தெரியாது. என் உள்ளங்கையில் இன்னும் நாலைந்து வெள்ளைக் கோடுகள் உண்டு. கைரேகை பார்க்கிறவர் யாராவது பார்த்தால் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். ஆபீஸ் வாசலில் போர்டு மாறியது, மேலதிகாரிகள் மாறினார்கள், கையுறை வந்தது, கடைசியில் ஒருநாள் கம்பாக்டரும் வந்தது.

அதை முதல் தடவை பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. யாரோ தெருவில் தூக்கிப்போட்ட சோபா ஒன்றை நாலு பேர் தூக்கி அதன் வாயில் வைத்தோம். வாய் என்று நாங்கள் சொல்வது லாரியின் பின்பக்கம் குப்பை கொட்டுகிற தொட்டியை. லிவரை இழுத்ததும் மேலேயிருந்து ஒரு இரும்புப் பலகை இறங்கியது. அதற்குப் பிளேடு என்று பெயர், ஆனால் வெட்டாது, அமுக்கி உள்ளே வாரிக்கொண்டு போகும். சோபா படபடவென்று முறிந்து, அப்பளம் மாதிரி ஆகி, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. லாரி அசையக்கூட இல்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமா பக்தியா என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டுக் கிளம்பும்போது என்னை அறியாமல் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அந்தக் கம்பாக்டருக்கு நான் லிவர்மேன் ஆன பிறகு எங்களுக்கு மேற்பார்வையாளராக வந்தவர் கிரேஸ் மேடம். ஆள் குள்ளம், வண்டி டி.வி.எஸ். மொபெட். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். அதைப் பார்த்தாலே ஆளாளுக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். கத்துகிற மேஸ்திரிகள் எத்தனையோ பேரை நாங்கள் ஊதித் தள்ளியிருக்கிறோம். கத்தாதவரை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவரை முழுசாகப் புரிந்துகொண்டது 2015 சென்னை வெள்ளத்தில். முடிச்சூரில் தண்ணீர் வடிந்ததும் எங்களை அங்கே அனுப்பினார்கள். அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? குப்பை என்றால் வேண்டாததைத் தூக்கிப்போடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே வேண்டியதெல்லாம் குப்பையாகக் கிடந்தது. மெத்தை, பீரோ, கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் பள்ளி நோட்டு, சாமி படம், ஃப்ரிட்ஜ், எல்லாம் சேற்றில் ஊறி மதில் உயரத்துக்குத் தெரு நெடுகக் குவிந்திருந்தன. வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். 

கிரேஸ் மேடம் எங்களைக் குவியலுக்குப் பக்கத்தில்கூட விடவில்லை. முதலில் வரிசையில் நிற்க வைத்துத் தடுப்பூசி. பிறகு மாத்திரை. "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. முழுங்கிட்டியா? சரி, போ." சின்னப் பிள்ளைகளைப் போல ஒவ்வொருவர் வாயையும் பார்த்தார். முழங்கால்வரை பூட்ஸ் இல்லாதவன் திரும்பிப் போக வேண்டியதுதான். அதோடு ஒரு கட்டளை: "கம்பால குத்திப் பார்க்காத குவியல்ல கை வைக்கக் கூடாது."

எங்கள் லோடர் கன்னியப்பன் இருக்கிறானே, அவனுக்கு வாய் நீளம். "மெத்தையக் குத்தச் சொல்றாங்க, மெத்தைக்கு வலிக்காதாண்ணே?" என்று சொல்லிக்கொண்டே ஒரு மெத்தையைக் குத்தினான். உள்ளேயிருந்து கண்ணாடிவிரியன் ஒன்று நிதானமாக வெளியே வந்தது. கன்னியப்பன் அடுத்த கணம் என் இடுப்பில் இருந்தான். ஐந்தரை அடி ஆள், கைக்குழந்தை மாதிரி. பாம்பு போன பிறகும் இறங்க மாட்டேன் என்றான். கிரேஸ் மேடம் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். ஊரெல்லாம் காய்ச்சல் பேச்சாக இருந்தும், எங்கள் வண்டி ஆட்களில் ஒருவர்கூடப் படுக்கவில்லை.

அந்த வெள்ள வேலை முடிந்ததும் மேடம் கம்பாக்டர் பக்கம் திரும்பினார்.

லாரியின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் காளான் குடை மாதிரி தலை வைத்த ஒரு சிவப்பு பட்டன் உண்டு. ஆபத்து என்றால் அதை அமுக்க வேண்டும், பிளேடு நின்றுவிடும். லிவரை ஒரு தடவை இழுத்துவிட்டால் பிளேடு தன் சுற்றை முடிக்கும்வரை தானாகவே போகும்; தூக்குகிற பக்கம் இழுத்தால் மட்டும் கை பிடித்திருக்கும்வரைதான் அசையும். இறங்கும்போது நடுவில் நிறுத்த அந்தப் பட்டனை விட்டால் வேறு வழி இல்லை. எங்களில் யாரும் அதை அமுக்கியதே இல்லை. வேலை செய்கிறதா என்று கேட்டால், "செய்யும் மேடம், புது வண்டிதானே" என்போம்.

மேடம் ஒரு சோதனை கண்டுபிடித்தார். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தார் என்று தெரியாது, அவர் மண்டையிலிருந்தே வந்திருக்கலாம். காலையில் வண்டி கிளம்புவதற்கு முன், மூங்கில் கழியில் கட்டிய தெருத் துடைப்பத்தை வண்டியின் வாயில் படுக்க வைக்க வேண்டும். நான் லிவரை இழுக்க வேண்டும். பிளேடு இறங்கித் துடைப்பத்தின் தலையைத் தொடுகிற நேரத்தில் இன்னொருவர் சிவப்பு பட்டனை அமுக்க வேண்டும். அடுத்த ஓரத்துப் பட்டனுக்கும் இதே மாதிரி ஒரு தடவை. துடைப்பத்தை வெளியே எடுத்தால் ஈர்க்குச்சியின் நுனியில் பிளேடின் கிரீஸ் ஒரு கறுப்புத் தீற்றலாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு குச்சிகூட ஒடிந்திருக்கக் கூடாது. தீற்றல் இருந்து, குச்சி ஒடியாமல் இருந்தால்தான் நான் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுக்கலாம்.

துடைப்பம் தேவகி அக்காவுடையது. பெருங்களத்தூரில், சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பெருக்குகிறவர். பட்டனை அமுக்குவதும் அவர்தான் என்று மேடம் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "மேடம், லிவர் என்னுது. பட்டனும் நானே அமுக்குறேனே" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை, நல்ல வேளை. "ஏழுமலை, ஏதாவது ஆச்சுன்னா லிவரைப் பிடிச்சவன் கை லிவர்லயே ஒட்டிக்கும். தள்ளி நிக்கிறவங்களுக்குத்தான் கண்ணு தெரியும்" என்றார்.

தேவகி அக்காவுக்கோ தினமும் இதே புலம்பல். "கருமம், டெய்லி என் தொடப்பத்துல கிரீஸ பூசிக் குடுக்கறீங்க. ரோட்ட பெருக்கறதா, ரோட்டுக்குத் தாளிக்கறதா?" என்று கேட்டுக்கொண்டே பட்டனை அமுக்கிவிட்டுப் போவார். பக்கத்து ஷெட்காரர்கள் எங்களுக்குத் தொடப்பக்கட்டை கோஷ்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள்கூட ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததாலேயே எனக்கு அது வெட்டி வேலை என்று தோன்ற ஆரம்பித்தது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வண்டியைத் தலையிலிருந்து வால்வரை கழுவினோம். துடைப்பம், மண்வெட்டி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தார் தேவகி அக்கா. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் வாழைக்கன்று கட்டினோம். பொட்டு வைக்கிற பொறுப்பு எனக்கு. லிவருக்கு ஒன்று, பிளேடுக்கு ஒன்று, டயர்களுக்கு ஒவ்வொன்று. லிவர் பக்கத்துச் சிவப்பு பட்டனிடம் வந்தபோது, உயிரைக் காப்பாற்றுகிற பட்டன் ஆயிற்றே என்று மற்றதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். தலையைச் சுற்றி, அடியில் இருந்த இடுக்குவரை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். அம்மன் முகம் மாதிரி இருந்தது. நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் விஜயதசமி காலை. டிரைவர் பாபு வண்டியில் ஏறிவிட்டான். கன்னியப்பன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். தேவகி அக்கா வழக்கம்போலத் துடைப்பத்தோடு வந்தார்.

"இன்னிக்கு வேணாங்கா" என்றேன். "பூஜ போட்டு மொத தபா வண்டி எடுக்கறோம். எடுத்த எடுப்புலயே வாயில தொடப்பத்த வெச்சி ஸ்டாப்பு அமுக்குனா வெளங்குமா?"

"மேடம் கேட்டா இன்னா சொல்லுவ?"

"மேடம் இன்னிக்கு இந்தப் பக்கம் வர மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

கன்னியப்பன் டயருக்கு அடியிலிருந்து எழுந்தான். "அண்ணே, ஒரு தபா பாத்துட்டே போய்டலாம்ணே. அஞ்சு நிமிசம்தான்."

"உனுக்கு இன்னாடா தெரியும்? பழத்த ஒழுங்கா வெய்யி" என்று அதட்டினேன். புத்தகத்தை எடுத்து, "சோதனை செய்யப்பட்டது, சரி" என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது.

பெருங்களத்தூரில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. கடை வாசல்தோறும் உடைத்த பூசணிக்காய், வாழைமரம், வாடிய மாலை. லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவர்களின் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தன. நாங்கள் அள்ள அள்ளக் குப்பை வந்துகொண்டே இருந்தது.

எங்கள் வண்டியில் இன்னொரு விதியும் உண்டு. நான் லிவரை இழுப்பதற்கு முன் லோடர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்ட வேண்டும். கன்னியப்பன் ஒரு வாழைமரத்தை வாயில் திணித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து இரண்டு கையையும் தூக்கினான். நான் இழுத்தேன். பிளேடு இறங்க ஆரம்பித்தது. அப்போது ஒரு மாலை, வண்டிகளுக்குப் போடுகிற பெரிய மாலை, விளிம்பிலிருந்து நழுவி ரோட்டில் விழப் பார்த்தது. பூஜை மாலை காலில் மிதிபடக் கூடாதே என்று கன்னியப்பன் சட்டென்று அதை உள்ளே தள்ளினான். மாலையைக் கட்டியிருந்த இரும்புக் கம்பி அவன் கையுறையில் மாட்டிக்கொண்டது. மாலையின் மறுமுனை வாழைமரத்தில் சுற்றியிருந்தது. பிளேடு மரத்தை வாரிக்கொண்டு போனது, மரம் மாலையை இழுத்தது, மாலை அவனை இழுத்தது.

"அண்ணே, புட்ச்சிக்கிச்சிண்ணே" என்றான். கத்தக்கூட இல்லை.

என் கை லிவரிலேயே ஒட்டிக்கொண்டது. மேடம் சொன்னாரே, அப்படியே. பிடுங்கிப் பட்டனுக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்கு அது ஒரு யுகம். உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினேன்.

பட்டன் அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். பொழுது முழுக்க வெயிலில் காய்ந்த சந்தனம், கல் மாவு கலந்த கடைச் சந்தனம், இடுக்கெல்லாம் இறுகிச் சிமெண்டாகியிருந்தது. அந்தப் பக்கத்துப் பட்டன் வாழைக்கன்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. கன்னியப்பனின் கை முழங்கைவரை உள்ளே போய்விட்டது. அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவகி அக்கா பத்தடி தள்ளிப் பூசணிக்காய் ஓட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவரும் கத்தவில்லை. ஓடி வருகிறபோதே துடைப்பத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார். என்னைத் தோளால் இடித்துத் தள்ளி, மூங்கில் கழியின் அடிமுனையால் பட்டன்மேல் ஒரு குத்து. சந்தனம் சில்லாகத் தெறித்தது. இரண்டாவது குத்து. டக் என்று பட்டன் உள்ளே போனது.

பிளேடு நின்றது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இரண்டு வருஷம் தினமும் புலம்பிக்கொண்டே அமுக்கிய பட்டன் அது. இடம் எது, எந்தக் கோணத்தில் போகும், எவ்வளவு ஆழம் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. யோசிக்க வேண்டியிருக்கவே இல்லை.

அதோடு முடியவில்லை. கூட்டம் கூடிவிட்டது. "ரிவர்ஸ் எடு! பிளேட மேல தூக்கு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். என் கையும் லிவருக்குப் போனது. தேவகி அக்கா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினார். "எவனும் தொடக் கூடாது! பாபு, இஞ்சின நிறுத்திட்டு சாவிய எங்கிட்ட குடு! மேடத்துக்குப் போன் போடு!" சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பட்டனை அமுக்கி நிறுத்திய வண்டியின் சாவி டிரைவரிடமோ லிவர்மேனிடமோ இருக்கக் கூடாது என்பதும் மேடத்தின் விதிதான். அதை எனக்குத்தான் சொல்லியிருந்தார். பக்கத்தில் நின்று கேட்டவருக்கு ஞாபகம் இருந்தது.

மேடம் பஸ்களுக்கு நடுவில் மொபெட்டை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிறகு கன்னியப்பனின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"கன்னியப்பா, பெருவிரல் தெரியுதா? அசை."

"தெரியுது மேடம்."

"நடுவிரல்?"

"லேசா தெரியுது."

"மோதிர விரல்? சுண்டு விரல்?"

"தெரில மேடம். இருக்குதா இல்லியான்னே தெரில."

"இருக்கு. நான் பார்த்துட்டேன். அஞ்சும் இருக்கு" என்றார். அவர் அந்த விரல்களைப் பார்த்திருக்க வழியே இல்லை. பிளேடு மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யைச் சொன்னபோதும் அவர் குரல் மாறவில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தகர டப்பா வைத்து, அதில் கம்பி வெட்டுகிற கட்டரும் கத்தியும் போட்டிருந்தார். அதை எடுத்து மாலைக் கம்பியை இரண்டு இடத்தில் வெட்டினார். கையுறையைக் கைக்குப் படாமல் நீளவாக்கில் அறுத்தார். கம்பி மாட்டியிருக்கும்போதே பிளேடைத் தூக்கியிருந்தால், மரத்தோடு கம்பியும் கம்பியோடு கையும் மேலே போயிருக்கும். நாங்கள் அத்தனை பேரும் கத்தியது அதைத்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏழுமலை, வா. நீதான் தூக்கணும்."

"என்னால முடியாது மேடம்."

"இந்த லிவர் எவ்வளவு இழுத்தா எவ்வளவு அசையும்னு உன் கைக்கு மட்டும்தான் தெரியும். நாலு விரல் உயரம் போதும். அதுக்கு மேல வேண்டாம். தேவகி, பட்டன்ல கை வை."

தேவகி அக்கா சாவியைப் பாபுவிடம் கொடுத்தார். மேடம் பட்டனைச் சுற்றியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, இரண்டு தடவை அமுக்கி விட்டுப் பார்த்தார். என்ஜின் ஓடியது. லிவரைத் தூக்குகிற பக்கம் ஒரு நூல் இழுத்தேன். பிளேடு முனகிக்கொண்டு எழும்பியது. "ஒரு விரல்... ரெண்டு... மூணு... நிறுத்து." நிறுத்தினேன். மேடம் கையை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்தார். விரல் ஐந்தும் இருந்தன.

ஆம்புலன்ஸ் போன பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். தேவகி அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, மிச்சப் பூசணிக்காயைக் கூட்டப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மேடம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கன்னியப்பனை விசாரித்தார். நானும் உடன் இருந்தேன். முன்கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. "அன்னைக்குக் காலையில சோதனை நடந்துதா?" என்று கேட்டார்.

கன்னியப்பன் என்னைப் பார்க்காமல் பேசினான். "நான்தான் மேடம் வேணாம்னேன். பூஜ போட்ட வண்டியாச்சேன்னு. அண்ணன் செஞ்சிடலாம்னுதான் சொன்னாரு."

ஒரு கை போகப் பார்த்தவன், இன்னொரு கையால் என் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறான். மேடம் எழுந்து வெளியே வந்தார். தாழ்வாரத்தில் அவரை மறித்து நின்றேன். "பொய் சொல்றான் மேடம். அவன் செய்யலாம்னான். வேணாம்னது நான். கையெழுத்துப் போட்டதும் நான்."

"தெரியும்" என்றார். "அன்னைக்கு தேவகியோட துடைப்பத்தைப் பார்த்தேன். நுனியில கிரீஸ் இல்ல. யார் வேண்டாம்னு சொன்னதுன்னுதான் தெரியல. நீயா வந்து சொல்றியான்னு பார்த்தேன்." அதற்கப்புறம்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆறு மாதம் லிவரைத் தொடக் கூடாது என்று என்னைத் தேவகி அக்காவோடு பெருக்கப் போட்டார்கள். அக்காவுக்குக் கொண்டாட்டம். "லிவர்மேனு, தொடப்பத்த புடிக்கத் தெர்தா? மண்வெட்டி மாதிரி புட்ச்சிகினு கீற" என்று ரோடு முழுக்கச் சிரித்தார். அந்த ஆறு மாதத்தில் அவரிடம் ஒரு தடவை கேட்டேன், அன்றைக்கு எப்படி அக்கா உங்களுக்குத் தோன்றியது என்று. "தோணல. கையி போச்சி, கூட நான் போனேன்" என்றார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தபோது வண்டிக்குப் பொட்டு வைக்க யாருக்கும் கை வரவில்லை. கிரேஸ் மேடம், "நான் சர்ச்சுக்குப் போறவ. பூஜை எப்படின்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று ஒதுங்கிக்கொண்டார். தேவகி அக்கா தன் துடைப்பத்தைக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் சாய்த்தார். "மொத பொட்டு இதுக்கு. அப்பறம் வண்டிக்கு. பட்டன்ல எவனாவது சந்தனம் வெச்சான், நாளிக்கு அவன் வாய தொடப்பத்தால தொறப்பேன். வெள்ளிக்கிழமையோ விஜயதசமியோ, டெஸ்டு பண்ணித்தான் வண்டி எடுக்கணும்." சாங்கியம் உண்டானது அப்படித்தான்.

கிரேஸ் மேடம் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தேவகி அக்கா முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார். கன்னியப்பனுக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. அவனால் இனி லோடு தூக்க முடியாது என்றதும் வண்டிகளைச் சோதிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். இப்போது ஷெட்டில் இருந்து எந்த வண்டி வெளியே போனாலும் அவன் கையால் துடைப்பம் வைத்துப் பார்க்காமல் போகாது. புது வண்டிகளில் கேமரா இருக்கிறது, ஆள் கிட்டே வந்தால் கத்துகிற கருவி இருக்கிறது. அவன் அவற்றையும் நம்புவதில்லை.

நான் முதலில் சொன்ன அந்தப் பூஜை முடிந்ததும் நித்யா மேடம், "நாளைக்கு விஜயதசமி. ஃபர்ஸ்ட் வண்டிக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க சார்" என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கன்னியப்பன் முந்திக்கொண்டான். "போடுவாரு மேடம்."

காலையில் போனேன். எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் தயாராக இருந்தது. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கன்னியப்பன் துடைப்பத்தை வாயில் படுக்க வைத்தான். லிவர் இழுபட்டது, பிளேடு இறங்கியது, நித்யா மேடம் பட்டனை அமுக்கினார், நின்றது. அடுத்த ஓரத்திலும் ஒரு தடவை. அவன் துடைப்பத்தை எடுத்து, மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டிருக்க, என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஈர்க்குச்சியாகப் பார்த்தேன். ஒன்றும் ஒடியவில்லை. நுனியில் கறுப்பாகக் கிரீஸ் இருந்தது. விரலால் தொட்டும் பார்த்தேன். பின்னால் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"அட்ச்சா அடிக்கட்டும். நல்லா பாத்தியாண்ணே?" என்றான் கன்னியப்பன்.

"பாத்துட்டேண்டா."

"அப்ப போடு."

போட்டேன்.